எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு: வயிறு ஏற்பதும் உடம்பு கேட்பதும்



போன ஷவ்வாலில் நம் ஊரில் ஒரு வலீமா. பெண்கள் பக்கம் நடந்ததை என் மனைவி வீட்டுக்கு வந்து சொன்னார். எடைக் குறைப்பு ஆபரேஷன் முடிந்து பத்து வாரமே ஆன ஒரு பெண்மணி நாலு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையை எடுத்துவிட்டாராம். பக்கத்தில் இருந்த உறவுக்கார மாமி விடவில்லை. "ஏம்மா, எங்க வூட்டுச் சாப்பாடு ஒனக்கு எறங்கலியா?" என்று கேட்டு, ஒரு பெரிய கறித் துண்டை எடுத்து அவர் பக்கம் வைத்திருக்கிறார். மறுக்க மனமில்லாமல் அவர் தின்றார். ஐந்தாறு நிமிடத்தில் நெஞ்சுக்குள் கல் அடைத்தது போல வலி. வாயில் நுரை நுரையாக எச்சில், மூக்கில் நீர். கைகழுவும் இடத்தில் போய் உட்கார்ந்தவர் அரை மணி நேரம் எழவில்லை. மறுநாள் ஊரில் என்ன பேச்சு தெரியுமா? "மெலிஞ்சதும் பெருமை வந்துடுச்சு, விருந்துல ஒழுங்கா சாப்பிடக்கூட மாட்டேங்குது" என்று.

இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் நம் ஜமாஅத்தில் எனக்குத் தெரிந்தே எட்டுப் பத்துப் பேர் இருக்கிறார்கள். நம் டிரஸ்ட்டின் மருத்துவ உதவிக்கு மனு கொடுத்தவர்களும் அதில் உண்டு. ஆபரேஷன் தேவையா இல்லையா என்பது அவர்களும் அவர்களுடைய மருத்துவரும் முடிவு செய்த விஷயம். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. செய்துகொண்டு வீட்டுக்கு வந்தவருக்குச் சாப்பாடு எப்படி ஆகிவிடுகிறது, சமைத்துப் போடுகிறவர்களும் விருந்துக்கு அழைக்கிறவர்களும் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்தக் குடும்பங்களோடு ஆஸ்பத்திரிக்கு நடந்ததிலும், மருத்துவர்களிடமும் உணவியல் நிபுணர்களிடமும் கேட்டறிந்ததிலும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். என் பங்குக்கு ஒரு தவறும் செய்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

உள்ளே என்ன செய்திருக்கிறார்கள்?

நம் பக்கத்தில் பெரும்பாலும் செய்யப்படுவது இரண்டில் ஒன்று. முதலாவது 'ஸ்லீவ்'. இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். ஆரம்பத்தில் அதில் 100 முதல் 150 மில்லி வரைதான் பிடிக்கும், அதாவது ஒரு டீக்கடைக் கிளாஸ் அளவு. இரண்டாவது 'பைபாஸ்'. இதயத்தில் செய்யும் பைபாஸ் வேறு, இது வேறு. "அவருக்கு ஹார்ட் ஆபரேஷனாம்" என்று ஒருவரைப் பற்றி ஊர் முழுக்கப் பேசிவிட்டார்கள், அதனால் சொல்கிறேன். இதில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதில் சிறுகுடலை நேரே இணைத்துவிடுகிறார்கள். உணவு மீதி இரைப்பையையும் சிறுகுடலின் முதல் பகுதியையும் தொடாமல் கீழே போய்விடுகிறது. இரும்புச்சத்தும் கால்சியமும் அதிகமாக உறிஞ்சப்படுவது அந்த முதல் பகுதியில்தான்.

பசியைத் தூண்டும் 'க்ரெலின்' என்ற ஹார்மோன் பெருமளவு சுரப்பதும், ஸ்லீவ் ஆபரேஷனில் எடுத்துவிடும் அந்தப் பகுதியில்தான். ஆகவே "எனக்குப் பசியே இல்லை" என்று அவர் சொன்னால் அது நடிப்பு இல்லை. உடம்பே அப்படி ஆகியிருக்கிறது.

முதல் ஆறு முதல் எட்டு வாரம் வரை என்ன கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு பால், சூப், பருப்புத் தண்ணீர், பிறகு மசித்தது, அப்புறம் குழைந்தது, கடைசியில்தான் கெட்டி உணவு. அந்த வரிசையை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. உள்ளே தையல் போட்ட இடம் ஆற வேண்டும். அதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை. சிக்கல் வருவது அந்தத் தாள் முடிந்த பிறகு, "இனி எல்லாம் சாப்பிடலாம்" என்று சொல்லி அனுப்பிய பிறகுதான்.

எது இறங்கும், எது நிற்கும்?

2007இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மிஷேல் சூட்டர் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதற்காக ஒரு சிறிய கேள்வித்தாளைத் தயாரித்தார்கள். மொத்தம் 27 மதிப்பெண். சாப்பாட்டில் திருப்தி எப்படி, எத்தனை தடவை வாந்தி வருகிறது என்று கேட்பதோடு, எட்டு வகை உணவைச் சொல்லி ஒவ்வொன்றும் சிரமமில்லாமல் இறங்குகிறதா என்று கேட்கிறார்கள். ஆடு மாடு போன்ற சிவப்புக் கறி, கோழி போன்ற வெள்ளைக் கறி, பச்சைக் காய், சமைத்த காய், ரொட்டி, சோறு, பாஸ்தா, மீன். இவைதான் அந்த எட்டு. பாஸ்தாவை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தால் நம் வீட்டுச் சஹனில் இருப்பதுதான் அத்தனையும்.

பொதுவாகப் பார்த்தால், அதிகம் பேருக்குச் சிரமம் கொடுப்பது சிவப்புக் கறி. நார் நாராக இருப்பதால் எவ்வளவு மென்றாலும் முழுக்கக் கரைவதில்லை. வலீமாவில் அந்தச் சகோதரிக்கு நடந்தது அதுதான். கறியே ஆகாது என்று இதற்கு அர்த்தமில்லை. அதையே கைமாவாகக் கொத்தி, ஆணத்தில் நன்றாக வேகவைத்து ஈரமாகக் கொடுத்தால் பலருக்கு மூன்று நான்கு மாதத்தில் இறங்கிவிடுகிறது. கோழியில் நெஞ்சுக்கறி உலர்ந்து போகும், தொடைக்கறி மேல். நேற்று வைத்ததை இன்று திரும்பச் சூடாக்கினால் எந்தக் கறியும் சக்கையாகி நின்றுவிடும். ஆபரேஷன் ஆன ஒருவர் என்னிடம், "காக்கா, புதுசா ஆக்குன மீன்னா இறங்குது, அதையே ராத்திரி சுட வச்சா இறங்கல" என்றார். அவர் கண்டது சரிதான்.

மீன் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கிறது. நாம் கடலோரத்துக்காரர்கள், அந்த வகையில் அல்லாஹ் நமக்கு எளிதாக்கி வைத்திருக்கிறான். முள் இல்லாத மீனை ஆணத்தில் வேகவைத்து உதிர்த்துக் கொடுக்கலாம். சுறாப்புட்டு மிகவும் நல்லது, எண்ணெயைக் குறைத்து வைத்தால் போதும். பொரித்த மீனின் ஓரத்து மொறுமொறுப்பு மட்டும் ஆரம்பத்தில் வேண்டாம்.

பரோட்டா, நான், மிருதுவான பேக்கரி ரொட்டி ஆகியவை எச்சிலோடு சேர்ந்ததும் பிசைந்த மாவு உருண்டையாகி அந்தக் குறுகிய வழியை அடைத்துக்கொள்ளும். அதே ரொட்டியை நன்றாக வாட்டினால், மெல்லிய சப்பாத்தியை மொறுகச் சுட்டால், கொஞ்சம் பரவாயில்லை. சோறு ஒரு தனிப் பிரச்சினை. சிலருக்கு இறங்கவே இறங்காது, சிலருக்கு எளிதாக இறங்கிவிடும். இறங்குகிறவருக்கும் ஒரு சங்கடம் உண்டு. டீக்கடைக் கிளாஸ் அளவுள்ள வயிற்றில் முதலில் சோறு போய் உட்கார்ந்துவிட்டால் மீனுக்கும் முட்டைக்கும் எங்கே இடம்? அதனால்தான் தட்டில் புரத உணவை முதலில் சாப்பிட்டு, அடுத்துக் காய், இடம் இருந்தால் மட்டும் சோறு என்று சொல்கிறார்கள். சோற்றைக் குவித்து ஓரத்தில் கறி வைத்துப் பழகிய நமக்கு இது தலைகீழான பழக்கம். கொஞ்ச நாள் கஷ்டமாகத்தான் இருக்கும்.

முட்டை சிலருக்கு அருமையாக ஒத்துக்கொள்ளும். சிலருக்கோ ஆபரேஷனுக்குப் பின் அதன் வாடையே பிடிக்காமல் போய்விடுகிறது. பால் குடித்தால் வயிறு உப்பி வயிற்றோட்டம் வருகிறவர்களுக்குத் தயிரும் மோரும் பொருந்தும். நேற்று வரை பிரியமாகச் சாப்பிட்டது இன்று வெறுக்கும். ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பிடிக்கும். எனவே ஒருவருக்கு ஒத்ததை வைத்து இன்னொருவரைக் கணக்குப் பார்க்காதீர்கள். "என் மச்சிக்கும் இதே ஆபரேஷன்தான், அவ பிரியாணி சாப்பிடுறாளே" என்று சொல்வதில் பயனில்லை. ஒரு சின்ன நோட்டில் எந்த உணவு, எப்படிச் சமைத்தது, எவ்வளவு, இறங்கியதா என்று எழுதி வைத்தால் அடுத்த முறை மருத்துவரிடம் காட்டலாம். ஒத்துக்கொள்ளாத உணவை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். மூன்று நான்கு வாரம் கழித்து ஒரு ஸ்பூன் மறுபடி சோதித்துப் பார்க்கலாம்.

எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். டீக்கோப்பைக்கு அடியில் வைக்கும் சாசர்தான் தட்டு, டீ ஸ்பூன்தான் கரண்டி. ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மெல்ல வேண்டும். விழுங்கியபின் சற்று நிறுத்தி, அது இறங்கிய பிறகுதான் அடுத்த வாய். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 20 முதல் 30 நிமிடம். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். மற்ற நேரங்களில் மடக்கு மடக்காக நாள் முழுவதும் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போக வேண்டும். விக்கல், மூக்கில் திடீரென நீர், நெஞ்சில் ஓர் அழுத்தம், இவற்றில் எது வந்தாலும் போதும் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு வாய் கூட வேண்டாம். உணவு நின்றுவிட்டது போல் தோன்றினால் தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்கக் கூடாது. எழுந்து மெதுவாக நடக்கலாம். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். எச்சிலைக் கூட விழுங்க முடியாமல் மணிக்கணக்கில் நின்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

எளிதாக இறங்குவதெல்லாம் நல்லதல்ல

இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். உடம்புக்குத் தேவையான கறியும் முட்டையும் பயறும் சிரமப்பட்டு இறங்குகின்றன. தேவையில்லாதவையோ வழுக்கிக்கொண்டு போய்விடுகின்றன. டீயில் நனைத்த பிஸ்கட், மிக்சர், முறுக்கு, ஐஸ்கிரீம், சர்பத், பாயசம், வட்டிலாப்பம் எதுவும் நெஞ்சில் நிற்காது, வாந்தி வராது. சாப்பிட்டவர் "இது எனக்கு ஒத்துக்கொள்கிறது" என்று நினைக்கிறார். வீட்டில் உள்ளவர்களும் "பாவம், இதாவது இறங்குதே" என்று அதையே கொடுக்கிறார்கள். ஒரு வருடத்தில் என்ன ஆகிறது? முடி கொட்டி, சோர்ந்து, தசை வற்றிப் போயிருக்கும். இரண்டாம் வருடத்தில் குறைந்த எடையும் ஏறத் தொடங்கும். இதைப் பார்த்து ஊரில் "ஆபரேஷனே வீண்" என்பார்கள்.

முடி விஷயத்தில் ஒரு வார்த்தை. மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை முடி கொட்டுவது வேகமாக எடை குறையும் பலருக்கும் உண்டு, பெரும்பாலும் திரும்ப வளரும். ஆறு மாதம் தாண்டியும் கொட்டினால் புரதமோ இரும்போ போதவில்லை என்று பார்க்க வேண்டும்.

இனிப்பில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம், ஸ்லீவ் செய்தவர்களில் சிலருக்கும் உண்டு. சர்க்கரை நிறைந்த உணவு வேகமாகக் குடலுக்குள் இறங்கியதும் 10 முதல் 30 நிமிடத்தில் வயிறு முறுக்கி, நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிற்றோட்டம் வரும். மருத்துவர்கள் இதற்கு 'டம்பிங்' என்கிறார்கள். இது ஒரு வகை. இன்னொரு வகை சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும். உடம்பு அளவுக்கு மேல் இன்சுலின் சுரந்து சர்க்கரை சட்டென இறங்கிவிடும். கை நடுங்கும், பார்வை மங்கும், சிலர் மயங்கியும் விழுவார்கள். மதியம் இரண்டு மணிக்கு வட்டிலாப்பம் சாப்பிட்டவர் நான்கு மணிக்கு மயங்கினால் வட்டிலாப்பத்தை யாரும் சந்தேகிப்பதில்லை, வெயில் என்பார்கள். அடிக்கடி இப்படி வந்தால் மருத்துவரிடம் நேரத்தோடு சொல்ல வேண்டும்.

ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்பது பொதுவான இலக்கு. புரதப் பவுடர் வாங்க முடியாதவர்கள் என்னிடம் கவலைப்படுகிறார்கள். மூன்று மாதம் தாண்டியவருக்கு நம் வீட்டுச் சாமானிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலையில் ஒரு முட்டை 6 கிராம். பத்து மணிக்கு 200 மில்லி பாலில் இரண்டு மேசைக் கரண்டி கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலந்தால் ஏறக்குறைய 12. மதியம் வெந்த மீன் 60 கிராம், அதில் 13 அளவில். மாலையில் 30 கிராம் பொட்டுக்கடலையைப் பொடித்து மோரில் கலக்கினால் 6. இரவில் கோழிக் கைமா 60 கிராமில் 15. படுக்கும் முன் கொஞ்சம் தயிர், 3 அல்லது 4. கூட்டினால் 55, 56 வந்துவிடுகிறது. இன்னொரு முட்டை சேர்த்தால் 60ஐத் தாண்டிவிடும். கறி மீன் வாங்க வழியில்லாத நாளில் பாசிப்பயறும் சோயா உருண்டையும் கைகொடுக்கும். சோயா உருண்டையின் எடையில் பாதி புரதம். ஆனால் நன்றாக வேகவைத்துப் பொடிப்பொடியாக நறுக்க வேண்டும்.

நான் செய்த தவறு

இரண்டு வருடங்களுக்கு முன், 26 வயதுத் தம்பி ஒருவருக்கு வெளியூரில் ஸ்லீவ் ஆபரேஷன் நடந்தது. முதல் மாதம் நன்றாக இருந்தார். ஐந்தாம் வாரத்திலிருந்து எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. அவருடைய உம்மா எனக்குப் போன் செய்து, "காக்கா, அவனுக்குச் சாப்பிட்டதெல்லாம் வெளிய வருது, என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். "ஆபரேஷன் ஆனவங்களுக்கு அப்படித்தாம்மா இருக்கும், கஞ்சித் தண்ணி குடுத்துப் பாருங்க, சரியாயிடும்" என்று நான் சொன்னேன். அப்போது நான் கேள்விப்பட்டிருந்தது அவ்வளவுதான். அதை நான் நிச்சயம் போலச் சொன்னதால் அவரும் நம்பிக்கொண்டார்.

வாந்தி மூன்று வாரம் நீடித்தது. அதற்குள் பாதங்கள் மரத்துவிட்டன. மாடிப்படி ஏறினால் கால் மடங்கியது. ஒரு நாள் காலையில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றார். பக்கத்தில் ஓர் இடத்தில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள், நிலைமை மோசமானது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் அது பி1 வைட்டமின் குறைபாடு என்று கண்டுபிடித்தார்கள். தயாமின் என்று அதற்குப் பெயர். உடம்பில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். சாப்பிட்டது எதுவும் தங்காதவருக்கு அது தீர்ந்துபோய் நரம்பையும் மூளையையும் பாதிக்கும். அந்த நிலையில் தயாமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகிவிடும். ஊசி போட்ட சில நாளில் பார்வை சரியானது. நடை சரியாகப் பல மாதம் பிடித்தது. இன்றும் அவருக்கு உள்ளங்காலில் உணர்ச்சி முழுமையாக இல்லை. ஜும்ஆவில் அவர் செருப்பைத் தேடிக் காலில் மாட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் போன் எனக்கு ஞாபகம் வருகிறது.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். அவசரமாகச் சாப்பிட்டு என்றைக்காவது ஒரு தடவை வாந்தி வருவது வேறு. தினமும் வருகிற வாந்தி 'ஆபரேஷன் ஆனவர்களுக்கு அப்படித்தான்' என்று விட்டுவிடக் கூடியது அல்ல. குழாயோ இணைப்போ சுருங்கியிருக்கலாம். வாய் வழியாகக் குழாய் விட்டு அதைப் பார்க்கவும், பல நேரம் பலூன் வைத்து விரிக்கவும் முடியும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் மருத்துவரிடம் போங்கள். ஒரு நாள் முழுவதும் தண்ணீரே தங்கவில்லை என்றால் அன்றே போங்கள். கால் மரத்தல், தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, குழப்பமான பேச்சு இருந்தால் இரவு என்றும் பார்க்க வேண்டாம். எந்த டாக்டரிடம் போனாலும், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், "எனக்கு இந்த ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பி1 பார்த்தீர்களா?" என்று நாமாகக் கேட்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒரு நகலைப் பர்ஸில் வைத்திருங்கள்.

மாத்திரைகள்

பல வைட்டமின்கள் அடங்கிய மாத்திரை, இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை மருத்துவர் சொன்ன அளவில் ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். ஒரு வருடம் ஆனதும் "உடம்புதான் நல்லா இருக்கே" என்று நிறுத்துகிறவர்கள் அதிகம். பி12 உடம்பில் இருப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது, வருடங்கள் கழித்துத் தெரியும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும், இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையை டீயோடு போடக் கூடாது.

கேப்ஸ்யூல் உறைகள் பெரும்பாலும் மிருக ஜெலட்டினில் செய்யப்படுகின்றன. அந்தத் தயக்கத்தால் மாத்திரையையே விட்டுவிட்ட ஒரு சகோதரியை எனக்குத் தெரியும். விட வேண்டியதில்லை. பெரும்பாலானவை சாதாரண மாத்திரையாகவும், மென்று தின்னும் மாத்திரையாகவும், ஊசியாகவும் கிடைக்கின்றன. மருந்துக் கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளலாம், மருத்துவரிடம் சொன்னால் அவரே மாற்றி எழுதுவார்.

இடுப்பு வலி, தலைவலி என்று கடையில் சொல்லி வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவை பைபாஸ் செய்தவர்களுக்கு இணைப்பு இடத்தில் புண்ணை உண்டாக்கும். அவர்கள் அவற்றைத் தொடவே கூடாது, ஸ்லீவ் செய்தவர்களும் கேட்காமல் போட வேண்டாம். பீடி சிகரெட்டும் அந்தப் புண்ணுக்குக் காரணம். மலம் கறுப்பாகப் போனால் உடனே காட்டுங்கள்.

திருமணமான பெண்களுக்கு ஒரு விஷயம். எடை குறைந்ததும் மாதவிலக்கு சீராகி, இதுவரை தங்காத கரு தங்க வாய்ப்புக் கூடுகிறது. ஆனால் வேகமாக எடை குறையும் காலத்தில் கருவுறுவது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லதல்ல என்பதால் குறைந்தது 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பெண்ணை அவசரப்படுத்தாமல் இருக்க வேண்டும்.

ரமளான்

முதல் ரமளானில் நோன்பு வைக்கலாமா என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். நம் ஊரில் நோன்பு 13 மணி நேரத்துக்கு மேல். மீதி பத்துப் பதினோரு மணி நேரத்தில் தூக்கமும் தராவீஹும் போக, ஒன்றரை லிட்டர் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும், 60 கிராம் புரதமும் சாப்பிட வேண்டும், அதுவும் இரண்டையும் சேர்க்காமல். ஆபரேஷன் ஆன முதல் மாதங்களில் இது நடக்காத காரியம். உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகம் வரை பாதிக்கலாம். எனவே முதல் ஆறு மாதமாவது, பலருக்கு ஒரு வருடம் வரை, வைக்க வேண்டாம் என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். நோயாளிக்கு அல்லாஹ் தந்திருக்கும் சலுகை அல்குர்ஆனில் ஸூரா அல்பகராவிலேயே இருக்கிறது. விட்டதைப் பின்னர் களாச் செய்துகொள்ளலாம். குணமாகும் நம்பிக்கை இல்லாத நோயாளிக்கு ஃபித்யா. உங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர் சொன்னதைத் தெரிவித்து ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "எல்லாரும் வைக்கிறாங்க, நான் மட்டும் எப்படி" என்று வெட்கப்பட்டு வைத்து, அஸருக்கு மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய அனுபவமும் நமக்கு உண்டு.

மருத்துவர் அனுமதித்த பிறகு வைக்கிறவர்கள் ஒரு பேரீச்சம்பழத்தை நன்றாக மென்று, சில மடக்குத் தண்ணீரோடு திறந்துவிட்டு நிறுத்திக்கொள்ளட்டும். இனிப்பு ஒத்துக்கொள்ளாதவருக்குப் பாதிப் பழம் போதும். மஃக்ரிப் தொழுகைக்குப் பின் நோன்புக் கஞ்சி ஒரு சின்னக் கப், பருப்பும் கைமாவும் கூடியதாக. வடையும் சம்சாவும் ரோஸ்மில்க்கும் அவருக்கு இல்லை. ஸஹரைத் தவறவிடக் கூடாது, அதில் முட்டையோ தயிரோ இருக்க வேண்டும். தலை சுற்றினால், நடுக்கம் வந்தால், சிறுநீர் கறுத்தால் நோன்பை முறித்துவிட வேண்டும்.

விருந்தில்

நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சஹனில் சாப்பிடுவது நம் அழகான பழக்கம். ஆனால் அதில் ஒரு வேகம் இருக்கிறது. மற்ற மூவர் முடிக்கும்போது இவர் மூன்றாவது வாயை மென்றுகொண்டிருப்பார். பின்தங்கினால் கண்ணில் படும், வேகப்படுத்தினால் நெஞ்சில் நிற்கும். அழைக்கும் வீட்டார் முன்கூட்டியே ஒரு சாசரில் கொஞ்சம் மீனோ கைமாவோ தனியாக வைத்துக் கொடுத்துவிட்டால் அவருக்கு அதைவிடப் பெரிய கண்ணியம் இல்லை. பந்தியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கட்டும், அவர் வந்ததே விருந்தை ஏற்றதுதான். எல்லோர் முன்னாலும் "எவ்வளவு கிலோ குறைஞ்சிருக்கே?" என்று கேட்பதையும் விட்டுவிடலாம்.

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை சொன்னதில்லை, விருப்பமிருந்தால் உண்பார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள் என்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. நோயாளியைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்ற கருத்தில் திர்மிதியில் ஒரு ஹதீஸ் உண்டு, அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஆலிம்கள் பேசியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். வயிற்றை மூன்றாகப் பிரிக்கும் ஹதீஸை நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம், சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி நெய்ச்சோற்றை அடுத்தவர் பக்கம் தள்ளுவோம். என்னையும் சேர்த்துத்தான்.

அந்தப் பெண்மணிக்குச் சிகிச்சை தேவைப்படவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அன்று கறி வைத்த மாமி பிறகு விஷயம் தெரிந்து அவர் வீட்டுக்கே போய் வருத்தம் சொல்லி, உதிர்த்த மீன் ஆணம் செய்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இந்த விவரங்களை எழுதச் சொல்லிக் கேட்டதும் அந்த இருவரும்தான்.

இந்த ஆபரேஷன் செய்தவர்கள் முதல் வருடத்தில் சில தடவையும் அதன் பின் வருடம் ஒரு முறையும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஹீமோகுளோபின், இரும்பு, பி12, வைட்டமின் டி, கால்சியம் முதலியவை அதில் இருக்கும். செலவுக்குச் சிரமப்படுகிறவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு ஞாயிறு அஸருக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். பெண்கள் நேரில் வர வேண்டியதில்லை, வீட்டிலிருந்து யாராவது வந்தால் போதும். பெயர் பதிவேட்டில் மட்டும் இருக்கும், அறிவிப்புப் பலகையில் வராது.

— செயலாளர்